சுருள்வில்லுக்கு இன்னும் ஏன் வேலை இருக்கிறது?

லித்தியம் மின்கலம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் காலம் இது. இப்போதும் ஸ்பிரிங், ரப்பர், சுழலும் சக்கரம், அமுக்கிய காற்று ஆகியவற்றில் சக்தியைச் சேமித்து வைக்கிறோமே, எதற்கு? பத்துமலைப் படியில் தொடங்கி லோரி பிரேக் வரை ஒரு கணக்குப் பார்ப்போம்.

காலையில் கடை திறக்கும் நேரத்தில் கடைத்தெருப் பக்கம் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு உருட்டுக் கதவைக் கடைக்காரர் ஒற்றைக் கையால் மேலே தள்ளிவிடுவார். கதவின் எடையைப் பார்த்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஆனால், முந்தைய இரவு கதவை இறக்கும்போதே அதன் எடை மேலே இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டது. இரவு முழுக்க அந்த முறுக்கு காத்திருந்து, காலையில் பாதிக்கும் மேற்பட்ட பாரத்தைத் தானே சுமக்கிறது.

பேருந்தின் கதவைத் திறப்பது அமுக்கிய காற்று. காரின் பாதுகாப்பு வாரை உள்ளே இழுத்துக்கொள்வது ஸ்பிரிங். பேனாவின் பொத்தான், எலிப்பொறி, அளவு நாடா என்று பட்டியல் நீளும். இவற்றில் எதற்கும் சார்ஜ் போடும் வேலை இல்லை. கையோ எடையோ இயந்திரமோ கொடுத்த சக்தியைச் சேர்த்து வைத்திருந்து, இயக்கமாகவே திருப்பித் தருகின்றன.

வானொலியில் அறிவியல் துணுக்கு சொல்லும்போது நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எது சிறந்தது?" என்ற கேள்வியைத்தான். இந்த விஷயத்தில் அதை நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். எவ்வளவு சேரும்? எவ்வளவு வேகமாகத் திரும்பக் கிடைக்கும்? எவ்வளவு காலம் காத்திருக்கும்? உடைந்தால் என்ன ஆகும்? இந்த நான்குக்கும் ஒரே பொருள் முதல் பரிசு வாங்குவதில்லை.

பத்துமலை என்னும் அளவுகோல்

முதலில் அளவைப் பார்ப்போம். 100 கிராம் எடையுள்ள ஒரு சின்ன ஆப்பிளை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஏறக்குறைய 1 ஜூல் சக்தி செலவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறார். ஒரு படி சுமார் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்த உயரம் 45 மீட்டரை ஒட்டி வரும். அவர் உடலை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனதில் சேர்ந்த சக்தி கிட்டத்தட்ட 26,000 ஜூல்.

இப்போது கைப்பேசியை எடுங்கள். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கலத்தில் இருப்பது ஏறக்குறைய 69,000 ஜூல். அந்த மின்கலத்தின் எடை 100 கிராமைக்கூடத் தொடாது. ஒரு முழு மனிதர் வியர்க்க வியர்க்க இரண்டரை முறை பத்துமலை ஏறினால்தான் ஒரு கைப்பேசியின் கணக்குச் சரியாகும்!

ஆகவே எடையைத் தூக்கி வைத்துச் சக்தியைச் சேமிப்பது, இடம் குறைவாக இருக்கும்போது லாபமில்லாத வழி. மலையும் அணையும் இருந்தால் அது வேறு கதை. பழைய ஊசல் கடிகாரத்தில் தொங்கும் எடை வாரக்கணக்கில் வேலை செய்ததற்குக் காரணம், கடிகாரம் கேட்கும் சக்தி அவ்வளவு குறைவு.

மற்ற வழிகளை ஒப்பிட எளிமையான ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம்: ஒரு கிலோ பொருள், தன்னிடம் சேர்ந்த சக்தியைக் கொண்டு தன்னையே எவ்வளவு உயரம் தூக்க முடியும்?

எஃகு ஸ்பிரிங்: பத்து மாடி

நல்ல எஃகு ஸ்பிரிங் ஒன்று கிலோவுக்குச் சுமார் 100 முதல் 300 ஜூல் வரை சேமிக்கும். அதாவது தன்னைத் தானே 10 முதல் 30 மீட்டர் வரை தூக்கலாம். மூன்று மாடியிலிருந்து பத்து மாடி என்று சொல்லலாம்.

இரும்பு இவ்வளவு வலுவானதாயிற்றே, ஏன் இவ்வளவு குறைவு? சக்தி என்பது விசையும் தூரமும் சேர்ந்த கணக்கு. எஃகு மிகப் பெரிய விசையைத் தாங்கும். ஆனால் கொஞ்சம்தான் நீளும். நூற்றுக்கு ஒரு பங்குகூட நீள்வதற்குள், பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாத எல்லையைத் தொட்டுவிடும். ஸ்பிரிங்கைச் சுருளாகச் செய்வதால் நம் கண்ணுக்குப் பெரிய அசைவு தெரிகிறது. கம்பியின் ஒவ்வொரு துளியும் உள்ளுக்குள் மிகச் சிறிதளவே முறுகுகிறது.

பதிலாக எஃகு இரண்டு விஷயங்களைத் தருகிறது. ஒன்று வேகம். சுருள்வில் என்ற நம் சொல்லிலேயே 'வில்' இருக்கிறது. வில்லை வளைக்கக் கைக்கு ஒன்றிரண்டு விநாடி தேவை. நாணை விட்டதும் அதே சக்தி கண் இமைக்கும் நேரத்துக்குள் அம்புக்குப் போய்விடும். மெதுவாக வாங்கி வேகமாகக் கொடுப்பது வில்லின் கலை. வெறும் கையால் அம்பை எறிந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது பொறுமை. எல்லைக்குள் அழுத்தி வைத்த எஃகு ஸ்பிரிங், துருப்பிடிக்காமல் இருந்தால், ஆண்டுக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். மின்கலம் போலத் தானாக வடிந்து போகாது. தாத்தாவின் கைக்கடிகாரத்துக்கு சாவி கொடுத்தால் அதில் ஏறுவது ஒரு ஜூலை ஒட்டிய சக்திதான். அதை வைத்துக்கொண்டு அது ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடுகிறது.

ரப்பர்: இரட்டைக் கோபுரத்துக்கும் மேலே

நம் குடும்பங்களில் பலருக்கு ரப்பர் என்றால் பால்மரமும் தோட்டமும் அதிகாலை விளக்கும்தான் நினைவுக்கு வரும். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் தினமும் பால் எடுக்கும் வெட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். உலகம் அவர்களிடம் வாங்கிய அந்தப் பொருளுக்கு இன்னொரு திறமையும் உண்டு: எடைக்கு எடை பார்த்தால், சக்தியைச் சேமிப்பதில் அது எஃகைப் பல மடங்கு மிஞ்சும்.

நல்ல இயற்கை ரப்பர் தன் நீளத்தைப்போல் ஐந்தாறு மடங்கு நீளும். விசை குறைவாக இருந்தாலும் தூரம் அதிகம். ஆகவே கிலோவுக்குச் சில ஆயிரம் ஜூல், மிகச் சிறந்த தரத்தில் 10,000 ஜூல் வரை சேரும். அந்த உச்ச அளவை எட்டினால் ஒரு கிலோ ரப்பர் தன்னைத் தானே ஒரு கிலோமீட்டர் உயரம் தூக்கும். 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

பிள்ளைகளோடு வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று நன்றாக இழுத்து உதட்டில் வையுங்கள். சூடு தெரியும். இழுத்தபடியே சற்று நேரம் வைத்திருந்து, பிறகு தளரவிட்டு உடனே உதட்டில் வைத்தால் குளிரும். ரப்பருக்குள் நீண்ட இழை போன்ற மூலக்கூறுகள் சிக்கலாகக் கிடக்கின்றன. இழுத்தால் அவை வரிசையாகின்றன. விட்டால் மறுபடி சிக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. அந்தச் சிக்கிக்கொள்ளும் ஆசைதான் ரப்பரின் இழுவிசை.

1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்பவர், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமான மாதிரியை 11 விநாடி பறக்கவிட்டார். அவருடைய வடிவமைப்பை ஒட்டிய ரப்பர் பொம்மை ஒன்றை 1878-இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மகன்களுக்கு வாங்கி வந்தார். வில்பர், ஆர்வில் என்ற அந்த இரு சிறுவர்களே பின்னாளில் விமானம் கண்ட ரைட் சகோதரர்கள். பறக்கும் ஆசை தங்களுக்கு அந்தப் பொம்மையிலிருந்து வந்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ரப்பரின் குறை, காத்திருக்கத் தெரியாதது. இழுத்தே வைத்திருந்தால் நாளடைவில் தொய்ந்துவிடும். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதைப் பிளக்கும். சமையலறை இழுப்பறையில் இரண்டு வருடம் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள்; கையோடு துண்டாகி வரும்.

சுழலும் சக்கரம்: வேகமே மூலதனம்

தையல் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் கனமான சக்கரத்தை ஒருமுறை தள்ளிவிட்டால் சற்று நேரம் தானே சுற்றும். குயவரின் சக்கரமும் அப்படித்தான். இதை ஃபிளைவீல் என்கிறோம். இங்கே சக்தி இருப்பது சுழற்சியில். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சேரும் சக்தி நான்கு மடங்காகும்.

இதை நம்பி ஒரு பேருந்தே ஓடியது. 1953-இல் சுவிட்சர்லாந்தின் இவெர்டன் நகரில், ஓயர்லிகான் நிறுவனம் செய்த 'ஜைரோபஸ்' சேவைக்கு வந்தது. வண்டியின் அடியில் ஒன்றரை டன் எடையுள்ள எஃகுச் சக்கரம், நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை சுழலும். நிறுத்தத்தில் மேலே உள்ள கம்பத்திலிருந்து மின்சாரம் வாங்கிச் சக்கரத்தை வேகப்படுத்திக்கொள்ளும். அதன்பின் புகையும் சத்தமும் இல்லாமல் 6 கிலோமீட்டர் வரை போகும்.

சக்கரத்தின் அளவைக் கொண்டு கணக்கிட்டால், முழு வேகத்தில் அதில் சுமார் 2 கோடியே 40 லட்சம் ஜூல் இருந்திருக்கும். ஒரு கிலோவுக்கு 16,000 ஜூல். தன்னைத் தானே ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் டீசலில் இருப்பது 3 கோடியே 60 லட்சம் ஜூல்! டீசல் இயந்திரம் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடும் என்றாலும், ஒன்றரை டன் இரும்பைச் சுமப்பதைவிட இரண்டு லிட்டர் எண்ணெயைச் சுமப்பது எளிது. 1960-இல் இவெர்டன் சேவை நின்றுவிட்டது.

சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றலாமே? அங்கேதான் சிக்கல். வேகம் கூடக் கூட விளிம்பு வெளியே பறக்கத் துடிக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பொருளின் உறுதி ஒன்றுதான். அந்த உறுதி முடியும் இடத்தில் சேமிப்பும் முடிகிறது. அதனால் இரும்பைவிட இலேசான, ஆனால் அதைவிட உறுதியான கார்பன் இழையால் இப்போது சக்கரம் செய்கிறார்கள். சுழலும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 100,000 ஜூல் அளவுக்குப் போகலாம். 10 கிலோமீட்டர் உயரம். 2012-இல் புகழ்பெற்ற லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஆவ்டி கார், பிரேக் பிடிக்கும்போது கிடைத்த சக்தியை அப்படிப்பட்ட ஒரு சக்கரத்தில் சேர்த்து, வளைவு தாண்டியதும் எடுத்துக்கொண்டது.

பந்தயக் காருக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. சில விநாடி சேர்த்து, சில விநாடியில் எடுத்து, ஆயிரக்கணக்கான முறை அதையே செய்தாலும் சக்கரம் களைப்பதில்லை. நாள்கணக்கில் வைத்திருக்கத்தான் அது தோதுப்படாது. காற்றில்லாத பெட்டிக்குள் காந்தத்தில் மிதக்கவிட்டாலும் வேகம் மெல்ல மெல்லக் கரையும். இரவு சுற்றிவிட்ட பம்பரம் காலையில் சுற்றிக்கொண்டிருக்காது.

அமுக்கிய காற்று: கினபாலுவைத் தாண்டி

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் வெப்பமாகும், விரியவிட்டால் குளிரும். அமுக்கிய காற்றின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கின்றன.

கடலடியில் நீந்துவோர் முதுகில் சுமக்கும் உருளையில் காற்று ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அதில் சுமார் 10 லட்சம் ஜூல் இருப்பதாகக் கணக்கு வருகிறது. உருளையின் எடையையும் சேர்த்து வகுத்தால் கிலோவுக்கு 60,000 ஜூல். தன்னைத் தானே 6 கிலோமீட்டர் தூக்கும். 4,095 மீட்டர் கினபாலு மலை கீழே நிற்கும். ஆனால் இது காற்று மெதுவாக விரிந்து, சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டால் கிடைக்கும் அளவு. அவசரமாகத் திறந்தால் காற்று குளிர்ந்து சுருங்கி, பெரும்பங்கு கிடைக்காமல் போய்விடும். அமுக்கும்போது வெளியேறிய வெப்பமும் நட்டக் கணக்கில்தான்.

பிரான்சின் நாந்த் நகரில் 1879-லேயே அமுக்கிய காற்றில் டிராம் வண்டிகள் ஓடின. 2007-இல் காற்றில் ஓடும் கார் செய்வதற்கு இந்தியாவின் டாட்டா நிறுவனம் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பெரிதாகப் போட்டன. அந்தக் கார் இன்றுவரை நம் சாலைக்கு வரவில்லை. தொட்டியின் எடை, அமுக்குவதில் ஏற்படும் வெப்ப இழப்பு, போகும் தூரம் ஆகிய மூன்றும் சேர்ந்து மின்சார காருக்கு வழிவிட்டன.

உடைந்தால் என்ன ஆகும் என்ற நான்காவது கேள்வியை இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். லோரி டயர் ஒன்றில் அடைபட்டிருக்கும் காற்றில் ஒரு லட்சம் ஜூலை ஒட்டிய சக்தி இருக்கலாம். ஒரு டன் எடையுள்ள காரை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி அது. டயர் பட்டறையில் லோரிச் சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூண்டு இல்லாத இடத்தில், "ஒரு நிமிட வேலைதானே" என்று குனிந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே அந்த ஒரு லட்சம் ஜூல் இருக்கிறது. எரிவாயு, காற்று உருளைகளைச் சோதிக்கும்போது உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்துவதும் இதனால்தான். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது, சக்தியை அதிகம் சேர்த்து வைக்காது. உருளை விரிந்தாலும் தண்ணீர் கசியுமே தவிர வெடிக்காது.

சுருக்கமாக ஒரு பார்வை

ஒரு கிலோ தன்னைத் தானே தூக்கும் உயரம், தோராயமாக:

எஃகு ஸ்பிரிங்: 10 முதல் 30 மீட்டர்
ரப்பர்: சில நூறு மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை
ஜைரோபஸ் எஃகுச் சக்கரம்: 1.6 கிலோமீட்டர்
அமுக்கிய காற்று, உருளையோடு: 6 கிலோமீட்டர்
கார்பன் இழைச் சக்கரம், சுழலும் பகுதி மட்டும்: 10 கிலோமீட்டர்
லித்தியம் மின்கலம்: 50 கிலோமீட்டருக்கு மேல்
பெட்ரோல், அதன் முழு வெப்பமும் பயன்பட்டால்: 4,000 கிலோமீட்டருக்கு மேல்

இந்த வரிசையைப் பார்த்தால் ஸ்பிரிங்கை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும் கனரக லோரியும் விரைவுப் பேருந்தும் நம் உயிரை ஒப்படைத்திருப்பது, பட்டியலின் கடைசி மாணவனான அந்த ஸ்பிரிங்கிடம்தான்.

ஒரே உருளைக்குள் இரண்டு பேர்

பெரிய வண்டிகளின் கால் பிரேக் காற்றில் இயங்குகிறது. கம்ப்ரசர் காற்றை அமுக்கித் தொட்டியில் வைக்கும். ஓட்டுநர் மிதித்தால் காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்தும். சரி, குழாய் பிய்ந்து காற்று முழுதும் போய்விட்டால்?

அதற்காகவே பின்சக்கர பிரேக் உருளையின் ஒரு பாதியில் தடித்த எஃகு ஸ்பிரிங் ஒன்று அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சின்னக் காரின் எடைக்கு நெருங்கிய விசையோடு அது எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே துடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது காற்றழுத்தம்தான் அதைத் தள்ளிப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. காற்று குறைந்தால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் விழும். வண்டியை நிறுத்தி ஓட்டுநர் குமிழை இழுத்ததும் கேட்கிறதே பெரிய 'ப்ஸ்ஸ்ஸ்', அது காற்று வெளியேறி ஸ்பிரிங்குக்கு வழிவிடும் சத்தம். காலையில் இயந்திரத்தைக் கிளப்பியதும் பெரிய வண்டிகள் உடனே நகராமல் சற்று நேரம் உறுமிக்கொண்டிருப்பதும், தொட்டியில் காற்று சேர்ந்து ஸ்பிரிங்கை விலக்குவதற்குத்தான்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். வேலை அதிகம் செய்வது காற்று; அது தீர்ந்தாலும் கம்ப்ரசர் மறுபடி நிரப்பும். ஆபத்துக்குக் காவல் நிற்பது ஸ்பிரிங். அதற்கு மின்சாரம் வேண்டாம், கட்டளை வேண்டாம், கணினி வேண்டாம். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு, பதினோராவது வருடம் ஒரே ஒரு முறை தேவைப்பட்டாலும் அது அங்கே இருக்க வேண்டும். நான்கு கேள்விகளில் இங்கே முக்கியமானது மூன்றாவது. எவ்வளவு சேரும் என்பதைவிடக் காத்திருக்குமா என்பதே பெரிது.

காத்திருப்பதற்கும் பராமரிப்பு தேவை. துருப்பிடித்த ஸ்பிரிங் உள்ளுக்குள்ளேயே முறியலாம். பழுதான லோரியை இழுத்துப் போவதற்காக அந்த ஸ்பிரிங்கை ஒரு நீள போல்ட்டால் முடக்கி வைப்பார்கள். வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்ற மறந்தால், காற்று போகும் நாளில் காவலாளி கட்டுண்டு கிடப்பான். இன்னொன்று: ஸ்பிரிங்கும் காலால் மிதிக்கும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. மலைப்பாதையில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கி, டிரம் கொதித்துப் பிடிமானம் போய்விட்டால், ஸ்பிரிங்காலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் கெந்திங்கிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ இறங்கும்போது குறைந்த கியரில் வரச் சொல்கிறார்கள்.

குடும்பத்தில் லோரி, பேருந்து ஓட்டுபவர் இருந்தால் இந்தப் பத்தியை அவரோடு பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் நமக்கு இதைவிட அதிகம் சொல்லித் தருவார். பட்டறை வைத்திருப்பவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பிரேக் உருளையின் ஸ்பிரிங் இருக்கும் பாதியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். மூடியைத் திறந்தவுடன் அது பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். உருட்டுக் கதவின் ஸ்பிரிங்கும் அப்படியே. சும்மா இருப்பதுபோல் தெரியும், சும்மா இல்லை.

வானொலிக்கு முறுக்கு ஏற்றியவர்

என் தொழிலோடு ஒட்டிய ஒரு கதையும் உண்டு. 1991-இல் டிரெவர் பேலிஸ் என்ற ஆங்கிலேயர், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். நோயைத் தடுக்கும் தகவலை வானொலி வழியாகச் சொல்லலாம். ஆனால் பல ஊர்களில் மின்சாரம் இல்லை, மின்கலம் வாங்கப் பணமும் இல்லை என்பது அவர் மனத்தில் தைத்தது. கையால் முறுக்கும் ஸ்பிரிங்கால் சிறு மின்னாக்கியைச் சுற்றி, அதில் வானொலியைப் பாடவைத்தார். தென்னாப்பிரிக்காவில் 'ஃப்ரீபிளே' என்ற பெயரில் அது தயாரானது. ஒரு நிமிடத்துக்குள் முறுக்கினால் ஏறக்குறைய அரை மணி நேரம் கேட்கலாம். அந்தத் தொழிற்சாலையில் உடற்குறை உள்ளவர்கள் பலர் வேலை செய்தார்கள்.

அந்த வானொலி பெரியது, கனமானது. காரணம் இப்போது நமக்குத் தெரியும்: எஃகு ஸ்பிரிங்கில் கொஞ்சம்தான் சேரும். பின்னால் வந்த மாதிரிகளில் ஸ்பிரிங் போய், கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ் ஏறும் சிறிய மின்கலம் வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கைச்சுற்று வானொலிகள் பெரும்பாலும் அந்த வகைதான். சிறியவை, மலிவானவை, நீண்ட நேரம் பாடுபவை. ஆனால் ஸ்பிரிங்கின் பொறுமை அவற்றுக்கு இல்லை. அலமாரியில் மூன்று நான்கு வருடம் தொடாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மின்கலம் செத்துப்போகலாம். அப்போது கையை எடுத்த மறுநிமிடமே குரல் நின்றுவிடும்.

வெள்ளம் வருமுன்

இது வெறும் ஆராய்ச்சிப் பேச்சு இல்லை என்பது வெள்ளம் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களிலும் தண்ணீர் ஏறியபோது முதலில் போனது மின்சாரம். அடுத்து ஒவ்வொன்றாகக் கைப்பேசிகள். எந்தச் சாலை மூடியிருக்கிறது, நிவாரண மையம் எங்கே என்று அறிய, சார்ஜ் இல்லாத கைப்பேசி உதவாது.

ஆகவே, பருவமழைக்கு முன் வீட்டில் ஒரு பை தயார் செய்யும்போது இந்த நான்கு கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள். சக்தி வங்கி எனப்படும் பவர் பேங்கில் நிறையச் சேரும். ஆனால் தானே வடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். கைச்சுற்று வானொலி இருந்தால் அதையும் அப்போதே சில நிமிடம் சுற்றி, ஒரு பாட்டுக் கேளுங்கள். மின்கலம் உயிரோடு இருப்பது தெரியும். சாதாரண பென்சில் மின்கலங்களை உறையோடு தனியே வையுங்கள். கருவிக்குள்ளேயே விட்டால் கசிந்து அதைக் கெடுத்துவிடும். பையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றே செய்யும் சேமிப்பு இன்னும் வரவில்லை. நிறையச் சேர்ப்பதற்கு மின்கலம். விநாடிக்கு விநாடி வாங்கிக் கொடுப்பதற்குச் சக்கரம். ஓயாமல் வேலை செய்வதற்குக் காற்று. கூப்பிடும் நாள்வரை பேசாமல் காத்திருப்பதற்கு ஸ்பிரிங். அடுத்த முறை புதிய கருவி ஒன்றை யாராவது, "இதில் இவ்வளவு சக்தி சேரும்" என்று விற்க வந்தால், மற்ற மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.